ஒளி எதையும் விட்டுவைப்பதில்லை

நானோமீட்டர் கணக்கில் அசைவை அளக்கிறோம் என்று சொன்னதும் அடுத்த கேள்வி லேசரைப் பற்றித்தான் வரும். எத்தனை வாட், என்ன நிறம், எவ்வளவு தூரம் போகும்? கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்தவர்கள் லேசரைப் பற்றி அதிகம் கவலைப்பட மாட்டார்கள். காற்று, கண்ணாடி, வெப்பம், மேசை என்று புலம்பத்தான் கேட்டிருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஏன் இந்தப் புலம்பல் என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம்.

1550 நானோமீட்டர் அலைநீளத்தில் 1 மில்லிவாட் ஒளி என்றால் ஒரு நொடிக்குச் சுமார் 7,800 லட்சம் கோடி ஃபோட்டான்கள். இத்தனையை எண்ணும்போது தவிர்க்கவே முடியாத ஒரு தற்செயல் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒளி தானாகவே போட்டுக்கொள்ளும் வரம்பு அது. அதை நீளமாக மாற்றிப் பார்த்தால், ஒரு நொடி அளவீட்டுக்கு 1 முதல் 2 ஃபெம்டோமீட்டர் வருகிறது. ஏறக்குறைய ஒரு புரோட்டானின் குறுக்களவு. ஆய்வக மேசையில் நமக்குக் கிடைப்பதோ ஒரு நானோமீட்டர். எல்லாம் கூடிவந்த நாளில் அதில் பத்தில் ஒரு பங்கு. நடுவில் பத்து லட்சம் மடங்கு காணாமல் போயிருக்கிறது. ஒளி அதைத் தின்றுவிடவில்லை. அப்புறம் யார்?

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஒரு ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதைகளில் அனுப்பி, திரும்ப ஒன்று சேர்க்கிறோம். இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்தால் வெளிச்சம், எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் இருட்டு. ஒரு பாதையின் முடிவில் இருக்கும் ஆடி அரை அலைநீளம் நகர்ந்தால் போதும். போக, வர என்று ஒரு முழு அலைநீளம் கூடி, வெளிச்சம் இருட்டாகி மறுபடி வெளிச்சமாகும். அந்த ஒரு சுற்றைத்தான் பட்டை என்கிறோம். 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு பட்டை என்பது 775 நானோமீட்டர் நகர்வு. பட்டைகளை எண்ணு, 775-ஆல் பெருக்கு, நீளம் வந்துவிடும். குறுக்கீட்டுமானி என்பது அவ்வளவுதான்.

இயற்பியலாளர் மைக்கல்சன் இதை வைத்து மீட்டரையே எண்ணிவிட்டார். 1892-93-இல் பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள செவ்ர் நகரில், சர்வதேச எடை மற்றும் அளவுகள் நிறுவனத்தில், காட்மியம் விளக்கின் சிவப்பு ஒளியைக் கொண்டு அவர் கண்ட எண்: ஒரு மீட்டருக்கு 15,53,163.5 அலைநீளங்கள். எனக்கு இந்த எண்ணில் பிடித்தது கடைசியில் இருக்கும் அந்த அரைதான். பதினைந்தரை லட்சத்தைக் கடந்து வந்த பிறகும் ஒரு அலையின் பாதியைப் பற்றிப் பேசத் துணிந்திருக்கிறார் மனுஷன்.

ஆனால் அவர் நேரடியாக ஒரு மீட்டரை எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. காட்மியம் விளக்கின் ஒளி அலைகள் தம் ஒழுங்கைச் சில பத்து சென்டிமீட்டருக்கு மேல் காப்பாற்றாது. பாதை வேறுபாடு அதைத் தாண்டினால் பட்டைகள் மங்கி மறைந்துவிடும். அதனால் அவர் ஒன்பது இடைநிலை அளவுகோல்களைச் செய்தார். மிகச் சிறியது 0.39 மில்லிமீட்டர், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, கடைசியானது 10 சென்டிமீட்டர். சிறியதில் பட்டைகளை எண்ணி, அதைப் பெரியதோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் 10 சென்டிமீட்டர் கோலைப் பத்து முறை நகர்த்தி மீட்டரை எட்டினார். அத்தனை சிரமமும் ஒரே ஒரு குறைக்காக: ஒளி தன் ஒழுங்கைக் காக்கும் தூரம், அதாவது ஓரியல்பு நீளம், போதவில்லை.

ஃபைபர் லேசர் ஒழித்துக்கட்டியது இந்தக் குறையைத்தான். இன்று வெளியில் வாங்கக் கிடைக்கும் ஒற்றை அதிர்வெண் ஃபைபர் லேசர்களில் வரி அகலம், அதாவது ஒளியின் அதிர்வெண் பரவியிருக்கும் அகலம், ஒரு கிலோஹெர்ட்ஸ் அளவில் இருப்பது சாதாரணம். ஒரு கிலோஹெர்ட்ஸ் என்றால் வெற்றிடத்தில் ஓரியல்பு நீளம் 95 கிலோமீட்டர். மைக்கல்சன் ஒன்பது படி ஏறிய இடத்தில் நாம் ஊர்விட்டு ஊர் போகும் தூரத்துக்குப் பட்டை பார்க்கலாம்.

அந்த லேசரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். தலைமுடி அளவு தடிமனுள்ள ஒரு கண்ணாடி இழை, அவ்வளவுதான். கண்ணாடி இழையையே லேசராக்கலாம் என்ற யோசனையை எலியாஸ் ஸ்னிட்சர் 1961-லேயே முன்வைத்துவிட்டார். லேசர் பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் அது பெரிய அளவில் கவனம் பெற்றது 1987-க்குப் பிறகு. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவும், பெல் ஆய்வகத்தில் எம்மானுவேல் தெசுர்வீரும் எர்பியம் கலந்த இழையால் 1550 நானோமீட்டர் ஒளியைப் பெருக்கிக் காட்டினார்கள். தொலைத்தொடர்பு இழைகளில் ஒளி மிகக் குறைவாக இழக்கப்படும் அலைநீளமும் அதுவே. ஆக, தொலைபேசிக்காரர்களுக்காகச் செய்த, இழைக்கு ஆற்றல் ஊட்டும் பம்ப் டையோடு, ஒளியைப் பிரித்துச் சேர்க்கும் கப்ளர், ஒளியை ஒருவழியில் மட்டும் விடும் ஐசொலேட்டர் எல்லாம் அளவியல்காரர்களுக்குச் சும்மா கிடைத்த மாதிரி ஆயிற்று. எங்கள் துறையின் வளர்ச்சியில் பாதி இந்த ஓசிச் சவாரிதான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒற்றை அதிர்வெண் லேசரில் நான் அதிகம் பயன்படுத்தியிருப்பது பரவல் பின்னூட்ட வகை. எர்பியமும் இட்டெர்பியமும் சேர்த்துக் கலந்த சுமார் 5 சென்டிமீட்டர் இழை. ஒளி ஓடும் அதன் நடுப்பகுதியான உள்ளகத்தில் புற ஊதா ஒளியால் பிராக் கீற்றணி ஒன்றைப் பதித்திருப்பார்கள். ஒளிவிலகல் எண் சற்றே கூடிக் குறையும் வரிகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் 535 நானோமீட்டர். 5 சென்டிமீட்டருக்குள் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். நடுவில் ஒரே ஓர் இடத்தில் வரிசை வேண்டுமென்றே அரை வரி இடைவெளி தவறும். அந்த ஒரு தவறல்தான் லேசர் எந்த அதிர்வெண்ணில் ஒளிர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. பெட்டிக்குள் தனியாக ஆடிகள் இல்லை, திருகி நேராக்க வேண்டிய திருகுகள் இல்லை. எர்பியம் அயனி கிளர்வு நிலையில் சுமார் 10 மில்லிநொடி தங்குகிறது. அணு உலகில் இது சோம்பேறித்தனமான நேரம். பம்ப் ஒளியில் வரும் வேகமான சலசலப்பை அது கண்டுகொள்வதில்லை. வரி ஒடுங்கியிருப்பதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம்.

சரி, வரி ஒடுங்கிவிட்டது. அதனால் அளவு சரியாகிவிடுமா? இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், விளம்பரத் தாள்களும் அந்தக் குழப்பத்தைத் தெளியவைக்க அவசரப்படுவதில்லை. வரி ஒடுக்கமாக இருப்பது ஒன்று. அந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு. பிராக் கீற்றணி ஒரு டிகிரி சூடானால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 10 பிகோமீட்டர் நகரும். அதிர்வெண்ணில் சொன்னால் 1.25 கிகாஹெர்ட்ஸ். ஒரு கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள வரி, தன் அகலத்தைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் ஓடிப்போகிறது, ஒரே ஒரு டிகிரிக்கு. ஒரு மீட்டர் நீளத்தை அளந்தால் இதனால் மட்டும் ஆறு மைக்ரோமீட்டருக்கு மேல் பிழை வரும். அலைநீளம்தான் நம் அளவுகோல். கோலே நீண்டால் எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன?

அதனால் லேசரை ஒரு மூலக்கூறில் கட்டிப்போட வேண்டும். 1550-க்கு அருகே அதற்கு உதவுவது அசிட்டிலீன். வெல்டிங் பட்டறையில் எரிகிற அதே வாயு. கார்பன்-13 கொண்டு செய்த அசிட்டிலீனின் ஓர் உட்கவர்வு வரி 1542.38 நானோமீட்டரில் இருக்கிறது. அதன் அதிர்வெண்ணைச் சர்வதேச அளவில் பரிந்துரைத்து வைத்திருக்கிறார்கள். கையடக்கமான கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து, லேசர் அந்த வரியின் நடுவில் நிற்கிறதா, நகர்கிறதா என்று பார்த்து, நகர்ந்தால் இழையைச் சற்றே இழுத்தோ சூடாக்கியோ திருத்துவது வழக்கம். இன்னும் கறாராக வேண்டுமென்றால் சம இடைவெளியில் பல அதிர்வெண்களை வரிசையாகத் தரும் அதிர்வெண் சீப்பு இருக்கிறது, ஹெய்ஞ்சும் ஹாலும் 2005-இல் நோபல் பரிசு வாங்கிய கருவி. அதுவும் இப்போது பெரும்பாலும் எர்பியம் இழையாலேயே செய்யப்படுகிறது. சீப்பு இருந்தால் ஒளியின் அதிர்வெண்ணை அணுக் கடிகாரத்தோடு நேரடியாக ஒப்பிடலாம். 1983-இலிருந்து மீட்டரே ஒளியின் வேகத்தால்தான் வரையறுக்கப்படுகிறது, நொடிக்கு 29,97,92,458 மீட்டர். அதிர்வெண் தெரிந்தால் வெற்றிட அலைநீளம் தெரிந்த மாதிரி. நீளம் அளக்கும் வேலை அங்கே நேரம் அளக்கும் வேலையாகிவிடுகிறது.

லேசர் கொஞ்சம் தள்ளாடினாலும் தப்பிக்க ஒரு வழி உண்டு. இரண்டு பாதைகளையும் சம நீளமாக வைத்துவிட வேண்டும். அலைநீளம் மாறினால் இரண்டிலும் ஒரே மாதிரி மாறும், வித்தியாசத்தில் ஒன்றும் தெரியாது. வித்தியாசம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசரின் அதிர்வெண் 1 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தால் திரையில் 5 நானோமீட்டர் நகர்வு தெரியும். எதுவும் அசையவில்லை, ஆனாலும் தெரியும். வித்தியாசத்தை ஒரு சென்டிமீட்டராக்கினால் அதே தள்ளாட்டம் 0.05 நானோமீட்டர்தான். புதிதாக ஒரு லேசர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, பாதைகள் சமமா என்றுதான். பலமுறை அதிலேயே வேலை முடிந்துவிடும்.

இப்போது எண்ணும் விஷயத்துக்கு வருவோம். ஒரே ஒரு ஒளி உணரியை வைத்துப் பட்டை எண்ணினால் ஒரு சிக்கல்: ஆடி முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்று தெரியாது. வெளிச்சம் குறைந்தது, சரி. எந்தப் பக்கம் போனதால்? அதற்காக ஒன்றுக்கொன்று 90 டிகிரி கட்ட வேறுபாடுள்ள இரண்டு சமிக்ஞைகளை எடுக்கிறோம். இழைக் குறுக்கீட்டுமானியில் மூன்றுக்கு மூன்று கப்ளர் என்று ஒன்று உண்டு. மூன்று இழைகளை ஒன்றாக உருக்கிச் சேர்த்தது. அதன் மூன்று வாய்களிலும் வரும் ஒளி தானாகவே 120 டிகிரி இடைவெளியில் இருக்கும். தனியாக எந்த வேலைப்பாடும் வேண்டாம், இயற்பியல் அப்படியே கொடுத்துவிடுகிறது. அதிலிருந்து கணக்குப் போட்டு சைன், கொசைன் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் அலைவுகாட்டியில் ஒன்றுக்கு எதிராக ஒன்றை வரைந்தால் திரையில் ஒரு வட்டம் வரும். உண்மையில் வருவது ஒரு புள்ளிதான், அது வட்டத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஆடி 775 நானோமீட்டர் நகர்ந்தால் ஒரு முழுச் சுற்று. வலப்புறம் சுற்றினால் ஆடி விலகுகிறது, இடப்புறம் சுற்றினால் நெருங்குகிறது. இந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அலுப்பதே இல்லை. எல்லாம் ஓய்ந்திருக்கும்போது புள்ளி ஓரிடத்தில் நின்று லேசாக நடுங்கும். மேசை மேல் கிடக்கும் இழையின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். உள்ளங்கைச் சூடு பட்டதும் புள்ளி நகரத் தொடங்கும். முதலில் தயங்கி, பிறகு சீராக, ஒரு சுற்று, இரண்டு சுற்று. கையை எடுத்தால் சற்று நேரம் அதே திசையில் போய், நின்று, வந்த வழியே திரும்பும். பக்கத்தில் யாராவது பேசினால் புள்ளி வில்லாக நீளும். கதவைச் சாத்தினால் வட்டம் முழுவதும் ஒரு கணம் ஒளிரும்.

வட்டம் சில சமயம் நசுங்கிய நீள்வட்டமாக இருக்கும், மையமும் விலகியிருக்கும். உணரிகளின் பெருக்கம் சமமாக இல்லை, கட்ட இடைவெளி சரியாக இல்லை என்று பொருள். அப்படியே கோணத்தைக் கணக்கிட்டால் ஒவ்வொரு பட்டைக்குள்ளும் சில நானோமீட்டர் ஏறி இறங்கும் ஒரு பொய் அலை வந்து ஒட்டிக்கொள்ளும். ஹைட்மான் 1981-இல் இதற்கொரு திருத்த முறை கொடுத்தார்: நீள்வட்டத்தைப் பொருத்திப் பார்த்து அதை வட்டமாக்கிவிடுவது. இன்றும் எல்லோரும் அதைத்தான் ஏதோ ஒரு வடிவத்தில் செய்கிறோம். நானோமீட்டருக்குக் கீழே போக வேண்டுமென்றால் லேசரைவிட இந்தத் திருத்தம்தான் முக்கியம்.

கை அருகே வந்ததற்கே புள்ளி ஏன் அப்படி ஓடுகிறது? ஒரு மீட்டர் சிலிக்கா இழை ஒரு டிகிரி சூடானால் அதன் ஒளிப்பாதை சுமார் 11 மைக்ரோமீட்டர் கூடுகிறது. இழை நீளுவதால் அல்ல, அது மிகக் குறைவு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மாறுவதால். 1550-இல் ஏழு அலைநீளம். ஆயிரத்தில் ஒரு டிகிரி மாறினால்கூட பத்து நானோமீட்டருக்கு மேல். லேசராக இருக்கும்போது அவ்வளவு ஒழுக்கமான இழை, பாதையாக வைத்ததும் ரப்பர் அளவுகோல் ஆகிவிடுகிறது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் ஃபைபர் குறுக்கீட்டுமானிகளின் வடிவமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்பது முக்கால்வாசி புரிந்துவிடும்.

வெப்பம் மட்டுமில்லை. இழை வளைந்தாலும் முறுக்கினாலும் உள்ளே போகும் ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளி அலை அதிரும் தளம், திசை மாறும். இரண்டு கைகளிலிருந்தும் (பிரிந்து போகும் பாதைகளைக் கைகள் என்போம்) வரும் ஒளி ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் வந்து சேர்ந்தால் பட்டையே இருக்காது. லேசர் எரிகிறது, உணரியில் ஒளி வருகிறது, வட்டம் மட்டும் சுருங்கிப் புள்ளியாகிவிட்டது. புதிதாக வருபவர்களை மிரளவைக்கும் காட்சி இது. தளவிளைவைக் காக்கும் இழையைப் போடலாம், அல்லது கைகளின் முடிவில் பாரடே ஆடியை வைக்கலாம். பாரடே ஆடி ஒளியை 90 டிகிரி திருப்பி அனுப்புவதால் போகும்போது நேர்ந்த கோணல் வரும்போது தானே நிமிர்ந்துவிடும். நான் இரண்டாவதை விரும்புவேன்.

இதையெல்லாம் ஒரே அடியில் தாண்டும் ஓர் அமைப்பு உண்டு, அதன் எளிமைக்காகவே எனக்குப் பிடிக்கும். இழையின் முனையை நேராக, செங்குத்தாக மெருகேற்றி விட்டுவிடுவது. கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில் சுமார் 3.5 சதவீத ஒளி திரும்பி வரும். மீதி வெளியே போய், எதிரே இருக்கும் ஆடியில் பட்டு, அதே முனை வழியாக உள்ளே நுழைந்து திரும்பும். இந்த இரண்டும்தான் நம் இரண்டு கற்றைகள். லேசரிலிருந்து முனை வரை இரண்டும் ஒரே இழையில், ஒரே பாதையில் வருகின்றன. நடுவில் பத்து மீட்டர் இழை சூடாகட்டும், அதிரட்டும், யாராவது மிதிக்கட்டும். இரண்டுக்கும் ஒரே மாற்றம், வித்தியாசத்தில் தெரியாது. தெரிவது முனைக்கும் ஆடிக்கும் இடையிலுள்ள இடைவெளி மட்டும். அளவீட்டுத் தலை விரல் நுனி அளவுக்குள் அடங்கிவிடும். மின்சாரம் வேண்டாம், சூடும் கிடையாது. வெற்றிடக் கலத்துக்குள்ளும் குளிர்ந்த ஹீலியத்துக்குள்ளும் இத்தகைய தலைகளைப் போடுவது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. மற்ற எல்லா இடங்களிலும் பின்னெதிரொளிப்பு என்றாலே எங்களுக்கு ஆகாது. அதற்காகவே பச்சை நிறக் கனெக்டர்களில் முனையை 8 டிகிரி சாய்த்து மெருகேற்றியிருப்பார்கள். திரும்பும் ஒளி உள்ளகத்தில் நிற்காமல் வெளியே போய்விடும். பாதையில் ஓர் இடத்தில் நீல நிறக் கனெக்டர் தவறிச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து வரும் சிறு எதிரொளிப்பு மூன்றாவது கற்றையாகி, வட்டத்தின் மேல் இன்னொரு குட்டி வட்டத்தை வரையும். நூறு கிலோமீட்டர் ஓரியல்பு நீளம் இருப்பதன் தண்டனை இது: எங்கிருந்து திரும்பி வரும் ஒளியும் குறுக்கிடத் தயாராக நிற்கும். வரி அகலம் குறையக் குறைய நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். சுழற்சியை அளக்கும் ஃபைபர் சுழல்காட்டியில் ஆட்கள் வேண்டுமென்றே ஓரியல்பு குறைந்த, அகன்ற நிறமாலை உள்ள மூலத்தைப் போடுகிறார்கள். வாலியும் ஷார்ட்ஹிலும் 1976-இல் காட்டிய அந்தக் கருவியில் இரண்டு கற்றைகளும் ஒரே சுருளில் எதிரெதிராகப் போகின்றன, பாதை தானாகவே சமம். லேசரின் ஒழுங்கு அங்கே தேவையே இல்லை, தொல்லைதான்.

கனெக்டரைப் பற்றிப் பேசியதால் இன்னொன்று. ஒற்றைமுறை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர். நுண்நோக்கியில் முனையைப் பார்த்தால் சாம்பல் நிறத் தட்டு, நடுவில் வெளிறிய ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் மேல் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் பாதி ஒளி போயிற்று. விரல் பட்ட எண்ணெய்ப்பசை வானவில் நிறத்தில் தெரியும். துடைக்காமல் சொருகினால் தூசி இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நசுங்கிப் பள்ளம் விழும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் போகாது. சொருகும் முன் பார், பார்த்த பின் துடை, துடைத்த பின் மறுபடி பார். இதைவிட உருப்படியான அறிவுரை இந்தத் துறையில் நான் கேட்டதில்லை.

முனைக்கு வெளியே வந்துவிட்டால் காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1.00027 என்று எழுதிவிட்டு எல்லோரும் ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். நம்மால் முடியாது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் பத்து லட்சத்தில் 0.27 பங்கு கூடும். ஈரப்பதம் இவற்றுக்குச் சின்னத் தம்பி. புயல் நெருங்கும்போது அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிட்டால், ஒரு மீட்டர் பாதையில் 5 மைக்ரோமீட்டருக்கு மேல் நகர்வு தெரியும். மூடிய அறையில், யாரும் இல்லாத நேரத்தில், எதுவும் அசையாமல். எட்லென் 1966-இலும் சிட்டோர் 1996-இலும் கொடுத்த சமன்பாடுகளை வைத்துத் திருத்தலாம், ஆனால் அதற்கு வெப்பமானியும் அழுத்தமானியும் கற்றைக்குப் பக்கத்தில் நல்லவையாக இருக்க வேண்டும். திறந்த காற்றில் ஒரு மீட்டருக்குப் பத்து நானோமீட்டர் சரியாக வேண்டும் என்றால் நூறில் ஒரு டிகிரியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆக, நாம் விலை கொடுத்து வாங்கிய குறுக்கீட்டுமானியின் துல்லியத்தைக் கடைசியில் ஒரு வெப்பமானிதான் தீர்மானிக்கிறது.

வடிவியல் பிழைகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அவை புத்தகங்களில் நன்றாகவே இருக்கின்றன. கற்றை நகர்வுக்கு ஒரு மில்லிரேடியன் சாய்ந்திருந்தால் மீட்டருக்கு அரை மைக்ரோமீட்டர் குறைவாகக் காட்டும். எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்ன பிழை இதைவிடக் கொடியது: அளக்கும் கோடும் அளக்கப்படும் கோடும் 100 மில்லிமீட்டர் தள்ளியிருந்து, நடுவிலுள்ள நகரும் வண்டி ஒரு வினாடிக் கோணம் (டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) சாய்ந்தாலே அரை மைக்ரோமீட்டர் போயிற்று. எந்த லேசரும் இதைச் சரிசெய்யாது. கருவி வரைபடத்தை வரைபவர்தான் சரிசெய்ய வேண்டும்.

காற்றே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் வெற்றிடக் குழாய்க்குள் போனார்கள், இல்லையென்றால் விண்வெளிக்கு. 2018 மே மாதம் ஏவப்பட்ட கிரேஸ் ஃபாலோ-ஆன் செயற்கைக்கோள்கள் இரண்டும் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்துகொண்டே, லேசர் குறுக்கீட்டுமானியால் அந்த இடைவெளியின் மாற்றத்தை நானோமீட்டர் அளவில் அளக்கின்றன. கீழே நிலத்தடி நீர் குறைந்தால் ஈர்ப்பு குறைகிறது, இடைவெளி மாறுகிறது. ஈர்ப்பு அலைகளைத் தேட அடுத்து வரவிருக்கும் லிசா திட்டத்தில் மூன்று விண்கலங்கள், ஒவ்வொரு கையும் 25 லட்சம் கிலோமீட்டர். ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனை போகவே எட்டு நொடிக்கு மேல். அங்கே லேசரின் ஒளியைப் பெருக்கப்போவது இட்டெர்பியம் கலந்த இழைதான். விண்கலங்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் கைகளைச் சமமாக வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கலத்திலும் எடுத்த பதிவுகளைப் பின்னர் கணினியில் நேரம் தள்ளித் தள்ளிச் சேர்த்து, சம நீளக் கைகளை எண்களாலேயே உருவாக்கிக்கொள்ளப் போகிறார்கள். மேசையில் செய்யும் அதே தந்திரம், திருகுக்குப் பதில் கணக்கு.

ரப்பர் அளவுகோலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்று காட்டியவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். அணுக் கடிகாரங்களை ஒப்பிட, ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குத் தரைக்கடியில் போகும் இழையில் மிக நிலையான லேசர் ஒளியை அனுப்புகிறார்கள். 2012-இல் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக்குக்கும் கார்ஷிங்குக்கும் இடையே 920 கிலோமீட்டர் இழையில் இதைச் செய்து காட்டினார்கள். வழியில் சாலை, ரயில், பகல் இரவு வெப்பம் எல்லாம் இழையை நீட்டிச் சுருக்கும். அதனால் ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கி, போய்வந்த வழியில் என்ன நேர்ந்தது என்று அளந்து, அதற்கு எதிராக அனுப்பும் ஒளியை முன்கூட்டியே திருத்துவார்கள். கடிகாரக்காரர்களுக்குத் திருத்திய ஒளி போதும். திருத்தத்தின் அளவு அவர்களுக்குக் குப்பை.

2016-இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் 79 கிலோமீட்டர் இழை ஒன்றில் அந்தக் குப்பைக்குள் ஒரு வினோதமான அதிர்வு தெரிந்தது. ஜுசெப்பே மாராவும் குழுவினரும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், இத்தாலியில் நடந்த நிலநடுக்கம். 2018-இல் அதை வெளியிட்டபோது சிசிலிக்கும் மால்டாவுக்கும் இடையே கடலடியில் போகும் சுமார் 96 கிலோமீட்டர் கம்பியிலும் இதே முறையில் நிலநடுக்கம் தெரிந்ததைச் சேர்த்திருந்தார்கள். கடலடி இழை நிலத்து இழையைவிட அமைதியானது. அங்கே லாரி ஓடுவதில்லை, வெப்பநிலையும் அவ்வளவாக மாறுவதில்லை.

ஆனால் ஒரு முழுக் கம்பிக்கும் ஒரே ஒரு எண்தான் கிடைக்கும். எங்கே அதிர்ந்தது என்று தெரியாது. கம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம் என்றால் அது பெரிய குறை. அதைத் தீர்க்க 2022-இல் அதே குழு, பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் இடையேயுள்ள 5,860 கிலோமீட்டர் கம்பியில் ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பயன்படுத்தியது. கடலடிக் கம்பியில் சில பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை எர்பியம் பெருக்கி இருக்கும். அது ஒரு திசையில்தான் ஒளியைக் கடத்தும், வந்த இழையிலேயே திரும்ப விடாது. அதனால் ஒவ்வொரு பெருக்கியிலும் மிகக் குறைந்த ஒளியைப் பக்கத்து இழைக்கு மாற்றித் திருப்பியனுப்பும் ஒரு குறுக்குவழியை வைத்திருப்பார்கள். கம்பி எங்கே பழுதாகியிருக்கிறது என்று கரையிலிருந்து பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு பெருக்கியிலிருந்தும் திரும்பும் ஒளியைத் தனித்தனியாகப் பிரித்து, அடுத்தடுத்தவற்றைக் கழித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறுக்கீட்டுமானி கிடைத்துவிடுகிறது. நிலநடுக்கங்கள் எந்தத் துண்டில் எப்போது வந்தன என்பது தெரிந்தது, கடலடி நீரோட்டமும் தெரிந்தது. கடலுக்கடியில் புதிதாக எதையும் இறக்கவில்லை. கரையில் ஒரு லேசரும், பட்டைகளைப் பிரித்தறியும் பெட்டியும் வைத்ததோடு சரி.